குரோன் குடல் நோய்: ஊசி, மாத்திரை, பரிசோதனைச் செலவை எப்படிச் சமாளிப்பது?

நாகலூர்ச் சகோதரி, ஏற்காடு
கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 26. சேலம் சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறான். பட்டறையில் மொத்தமே ஆறு பேர்தான் என்பதால் இ.எஸ்.ஐ., பி.எஃப். எதுவும் கிடையாது. வயிற்றுவலியும் வயிற்றுப்போக்குமாக நெடுநாள் அவதிப்பட்டு, உடல் மெலிந்து போனபோது, முதலில் குடல் காசநோயாக இருக்கலாம் என்று சொல்லி அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். அவை அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைத்தன. முழுக் காலமும் சாப்பிட்டும் நோய் அடங்காததால், மறுபடியும் கொலோனோஸ்கோபி, பயாப்சி, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து, இது குரோன் நோய்தான் என்று குடல் நோய் மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

இப்போது குடல் புண்ணுக்கான மெசலமைன், நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதியோபிரின், ஸ்டீராய்டு மூன்றும் ஓடுகின்றன. ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் வலி திரும்பிவிடுவதால், இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசியைத் தொடங்குவது நல்லது என்கிறார் மருத்துவர். தம்பியின் எடை 52 கிலோ. ஒரு தடவைக்கு மூன்று குப்பி வேண்டுமாம். குப்பி ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு அருகில் விலை சொன்னார்கள். என் கணவர் காபித் தோட்டத்தில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுபவர். பெற்றோருக்கு இருப்பது மிளகுக் கொடி படர்ந்த அரை ஏக்கர். அதை அடமானம் வைத்துவிடலாம் என்று அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். தட்டுவடை செட் சாப்பிடாதே, காரம் தொடாதே என்று அறிவுரை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பணத்துக்கு வழி சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் தம்பிக்குச் சிகிச்சை பெற முடியுமா? மாதாமாதம் வாங்கும் மாத்திரைச் செலவையாவது குறைக்க இயலுமா? இதே நோயுடன் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி
பதில் 1

சகோதரிக்கு வணக்கம். மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில் மருந்துச் செலவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலாவது மெசலமைன். 1.2 கிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று, நான்கு என்று எடுப்பவர்களுக்கு மாதச் செலவில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். பெருங்குடலில் மட்டும் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கு இது அடிப்படை மருந்து. ஆனால் குரோன் நோயில் இதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்றுதான் இன்றைய சிகிச்சை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. முதல் சீட்டில் எழுதிய மருந்து என்பதால் ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும் சீட்டுகளை நான் எத்தனையோ பார்க்கிறேன். 'இவருக்கு மெசலமைன் இன்னும் தேவையா, ஐயா?' என்று அடுத்த முறை மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். வேண்டாம் என்று அவரே சொன்னால் மாதம் சில ஆயிரங்கள் கையில் நிற்கும். பெருங்குடலிலும் புண் இருக்கிறது, ஏதேனும் மருந்து வேண்டும் என்றால், விலை மிகக் குறைந்த சல்ஃபசலசின் பொருந்துமா என்று கேட்கலாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஆண்களுக்கு அதைச் சாப்பிடும் காலத்தில் விந்தணு எண்ணிக்கை குறையக்கூடும்; நிறுத்தினால் சரியாகிவிடும். தம்பிக்குத் திருமண வயது என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

அசதியோபிரின் விலை மலிவு. அதில் செலவு என்பது இரத்தப் பரிசோதனைதான். தொடக்கத்தில் அடிக்கடியும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவதும் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்த்தே ஆக வேண்டும். காசை மிச்சப்படுத்துகிறோம் என்று இதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஆசிய மக்களில் கணிசமானோருக்கு என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் மாறுபாடு உண்டு. அவர்களுக்கு இந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் சட்டென்று சரிந்துவிடும், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அப்படி ஆகி, கிருமித் தொற்றுடன் மருத்துவமனையில் படுத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பரிசோதனைக் கட்டணம் ஒன்றுமே இல்லை. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளியாகப் பதிவு செய்துகொண்டால் இந்த இரத்தப் பரிசோதனைகளை அங்கேயே செய்துகொள்ளலாம். தனியாரிடம் சிகிச்சை பெறுபவர் அரசு மருத்துவமனைக்குப் போகக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

ஸ்டீராய்டு மாத்திரை இருப்பதிலேயே மலிவானது. ஆனால் அதை மாதக்கணக்கில் நீட்டித்தால் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை என்று ஒவ்வொன்றாக வரும். உங்கள் மருத்துவர் ஊசிக்கு மாறச் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கும். அவர் சொல்வது நியாயம்தான்.

இனி ஊசிக்கு வருவோம். இன்ஃப்ளிக்சிமாப் அளவு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். 52 கிலோவுக்கு 260 மில்லிகிராம். குப்பி 100 மில்லிகிராமாக மட்டுமே வருவதால் மூன்று வாங்கியாக வேண்டும். முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன் பின் எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று போட்டால் முதல் ஆண்டில் எட்டு முறை, ஆக 24 குப்பிகள். உங்களிடம் சொன்ன விலைக்கு ஏறத்தாழ நாலே முக்கால் லட்சம் ரூபாய் ஆகிறது. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டியது என்பதால் படுக்கைக் கட்டணம் தனி.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்து அடலிமுமாப். தோலுக்கடியில் நாமே போட்டுக்கொள்ளலாம் என்பதால் படுக்கைச் செலவு இல்லை. உலகிலேயே முதன்முதலாக அடலிமுமாப்பின் ஒப்புரு மருந்து (மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனம் தயாரிப்பது) 2014 டிசம்பரில் நம் நாட்டில்தான், சைடஸ் நிறுவனத்திடமிருந்து, விற்பனைக்கு வந்தது. பிறகு வேறு சில நிறுவனங்களும் வந்ததால் விலைப் போட்டி பலமாக இருக்கிறது. முதல் தவணை 160 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து 80, அதன் பின் இரு வாரத்துக்கு ஒரு முறை 40 என்பது வழக்கமான அளவு. முதல் ஆண்டுக்கு 40 மில்லிகிராம் ஊசிகள் 30 வேண்டியிருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். இந்த வகை ஊசிகளில் அச்சிட்ட விலைக்கும் உண்மையில் விற்கும் விலைக்கும் பெரிய இடைவெளி உண்டு. நிறுவனங்கள் நடத்தும் நோயாளி உதவித் திட்டத்தில் மருத்துவர் மூலம் பதிவு செய்தால் இன்னும் குறையும். இரண்டு, மூன்று இடங்களில் விலை கேட்காமல் முதல் ஊசியை வாங்காதீர்கள்.

எந்த ஊசியாக இருந்தாலும் முன்னதாக மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, மஞ்சள்காமாலை பி வகைக்கான இரத்தப் பரிசோதனை ஆகியவை கட்டாயம். நோயெதிர்ப்பைத் தணிப்பவை என்பதால், உறங்கிக் கிடக்கும் காசநோயை இந்த ஊசிகள் எழுப்பிவிடக்கூடும். தம்பிக்கு ஏற்கெனவே காசநோய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்தச் சீட்டுகள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். இல்லையேல் அதே பரிசோதனைகளை மீண்டும் எடுக்கச் சொல்வார்கள்.

இ-சேவை மையம், மேட்டூர்
பதில் 2

காப்பீட்டு அட்டை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் அட்டையில் தம்பிக்குச் சிகிச்சை பெற முடியாது, அம்மா. இத்திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் மட்டுமே. உடன்பிறந்தவர் அதில் வரமாட்டார். தம்பிக்குத் திருமணம் ஆகவில்லை என்றால், உங்கள் பெற்றோரின் குடும்ப அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலைக்காகச் சேலத்துக்கு வந்தவர்கள் பலர் ஊர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டு, இங்கே சேர்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி அந்தரத்தில் நின்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைத்து நடத்தப்படுகிறது; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 5 லட்சம் என்பது எந்தச் செலவுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய பணம் அன்று. பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு, அங்கீகரித்த மருத்துவமனைகளில், முன் அனுமதி பெற்ற பிறகே பணம் செல்லும். கடையில் மாத்திரை வாங்கிவிட்டு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவது இதில் இல்லை. ஆகவே ஊசிக்கு நாள் குறிக்கும் முன்பே, எந்த மருத்துவமனையில் போடப் போகிறீர்களோ அங்கே இருக்கும் காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடம் மருத்துவரின் சீட்டைக் கொடுத்து, இந்தச் சிகிச்சை எந்தத் தொகுப்பில் வருகிறது, முன் அனுமதிக்கு எந்த அறிக்கைகள் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பணம் கட்டிச் சிகிச்சை முடிந்தபின் அட்டையை நீட்டினால் எதுவும் செய்ய இயலாது. எங்கள் மையத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் மகன், கருப்பூர்
பதில் 3

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்; குரோன் அன்று. என்றாலும் பணம் எங்கே போகிறது என்ற கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எனக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு உண்டு. முதல் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி சில மணி நேரத்தில் முடிந்து அன்றே வீட்டுக்கு வந்துவிட்டதால், 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்கவில்லை என்று காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. நான் விடவில்லை. ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம்) சிகிச்சையை, விலக்கக்கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ஆம் ஆண்டிலேயே சேர்த்திருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப்பும் அடலிமுமாப்பும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. இதைச் சுட்டிக்காட்டி, மருத்துவமனைக் கண்காணிப்பில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய மருந்து இது என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கும், அங்கே அசையாததால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் எழுதினேன். குறைதீர்ப்பாளரிடம் போகக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பணம் வந்தது, ஆனால் இத்தகைய சிகிச்சைக்கு என்று பாலிசியில் ஒரு உச்சவரம்பு வைத்திருந்தார்கள், அதற்கு மேல் தரவில்லை. பாலிசியை எடுக்கும்போதே இந்த வரம்பைப் பார்த்து எடுங்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன். அடலிமுமாப்பை வீட்டில் போட்டுக்கொண்டால் அதைப் புறநோயாளி மருந்து என்று சொல்லித் தட்டிக்கழிக்க வாய்ப்பு அதிகம். மருந்து மலிவு என்றாலும் முழுச்செலவும் நம் தலையில் விழலாம். காப்பீடு இருப்பவர்களும் இல்லாதவர்களும் இந்த இரண்டு ஊசிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு இங்கேதான் பிரிகிறது.

தம்பிக்கு இப்போது புதிதாகத் தனியார் பாலிசி எடுத்தால், நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024இல் குறைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இன்றைய செலவுக்கு அந்தப் பாலிசி உதவாது. ஆனால் இது ஆயுள் முழுக்கக் கூட வரும் நோய். மூன்று ஆண்டு கழித்து ஒரு அறுவை சிகிச்சை என்று வந்தால் உதவும். வருமான வரியில், பட்டியலிட்ட சில கடும் நோய்களின் சிகிச்சைச் செலவுக்குத் தரும் கழிவைக் கேட்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் இந்த நோய் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் இல்லை. வெளியே தெரியாத நோய்க்கு அரசின் கண்ணும் படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தற்போது நான் டோஃபாசிட்டினிப் மாத்திரையில் இருக்கிறேன். பல நிறுவனங்கள் தயாரிப்பதால் ஊசியோடு ஒப்பிட்டால் செலவு வெகு குறைவு. ஆனால் அது என் நோய்க்கான மருந்து, குரோனுக்கு அனுமதிக்கப்படவில்லை. இரத்தக்கட்டு, அக்கி போன்ற அபாயங்களும் உண்டு. இணையத்தில் படித்துவிட்டு அதை வாங்கித் தந்துவிட வேண்டாம்.

வாழப்பாடி விவசாயி
பதில் 4

இவ்வளவு பணத்தை ஊசிக்குக் கொட்டுவதைவிட, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நாட்டு மருந்தும் மோரும் கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு ஆறு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை.

ஆத்தூர்வாசி
பதில் 5

வாழப்பாடி ஐயாவுக்கு: இந்த நோய் மருந்தில்லாமலும் சில மாதங்கள் அடங்கியிருக்கும், பிறகு சீறும், அதன் இயல்பே அதுதான். என் மனைவிக்கும் குரோன். ஜவ்வரிசி ஆலையில் வேலை நின்றிருந்த சமயத்தில், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரைகளை நாங்களாகவே நிறுத்தினோம். குடல் சுருங்கி அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் அவசர அறுவை சிகிச்சை. நிறுத்தியதால் மிச்சமான தொகை அந்த ஒரு வாரத்து மருத்துவமனைப் பில்லின் ஓரத்துக்குக்கூட வரவில்லை. வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசம். நாட்டு மருந்து சாப்பிடுவது அவரவர் விருப்பம்; ஆனால் 'எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு' என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

சகோதரிக்கு இன்னொரு செய்தி. டப்பாவில் வரும் சத்து மாவு, புரதப் பொடி என்று எங்களுக்கு மாதம் நான்கைந்தாயிரம் போய்க்கொண்டிருந்தது. உணவியல் நிபுணரிடம் காட்டியபோது, குடல் ஏற்கும் அளவுக்கு முட்டை, மீன், குழைந்த சோறு, தயிர் ஆகியவையே போதும் என்று டப்பாவை நிறுத்திவிட்டார். சிலருக்குச் சிகிச்சையாகவே அந்தப் பால்மாவு உணவைத் தருவது உண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும். கடைக்காரர் சொன்னார் என்று வாங்க வேண்டியதில்லை.

நாகலூர்ச் சகோதரி, ஏற்காடு
கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. தம்பியின் பெயர் அம்மாவின் குடும்ப அட்டையில்தான் இருக்கிறது, நேற்றே பார்த்துவிட்டேன். வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். மருத்துவரிடம் பேசியதில் மெசலமைனை நிறுத்திவிட்டார். ஊசி விஷயத்தில், காப்பீட்டில் இன்ஃப்ளிக்சிமாப்புக்கு அனுமதி கிடைக்காவிட்டால் அடலிமுமாப் தொடங்கலாம் என்று அவரே சொன்னார். அப்படியானால் ஒரு சந்தேகம். பட்டறைக்குப் பக்கத்தில் நண்பர்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தம்பியிடம் ஃபிரிட்ஜ் இல்லை. ஊசியை எங்கள் வீட்டில், மலைமேல் வைத்திருந்து, அவன் வரும்போது போடலாமா? இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். மருந்தாளுநர் ஐயா சொன்னால் நல்லது.

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி
பதில் 6

மெசலமைன் நின்றதே நல்ல செய்தி. அடலிமுமாப் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நடுத் தட்டில், பெட்டியோடு வையுங்கள். கதவில் வைத்தால் திறந்து மூடும்போது சூடேறும். உறைபெட்டியில் வைத்தால் உறைந்துவிடும். ஒரு முறை உறைந்த ஊசி, உருகிய பிறகு பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், பயன்படுத்தக்கூடாது. மின்சாரம் சில மணி நேரம் போனால் கதவைத் திறக்காமல் இருந்தாலே குளிர் நிற்கும். அதற்கு மேல் நீடித்தால், அறை வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று அந்தப் பெட்டியின் உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

ஆனால் மாத இருப்பை மொத்தமாக மலைக்குக் கொண்டுபோவதைவிட வேறு வழி இருக்கிறது. எந்தக் கடையில் வாங்குகிறீர்களோ அங்கேயே பணம் கட்டி, ஊசிகளைக் கடையின் குளிர்பெட்டியில் தம்பி பெயர் எழுதி வைத்துவிட்டு, போட வேண்டிய நாளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். நான் சிலருக்குச் செய்துகொண்டிருக்கிறேன். அறைக்குப் போய்ப் பதினைந்து, முப்பது நிமிடம் வெளியில் வைத்துப் போட்டால் வலியும் குறையும்.

ஏற்காடு, காபித் தோட்டம்
பதில் 7

நான் நான்கு வருடமாக இதே ஊசியைச் சேலத்தில் வாங்கி மேலே கொண்டுவருகிறேன், தங்கச்சி. கடையில் வைக்கச் சம்மதிக்காவிட்டால் ஒரு சிறிய ஐஸ் பெட்டி போதும். ஐஸ் கட்டியை ஊசிப் பெட்டி மேல் நேராக வைக்காமல் இடையில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். பேருந்தில் என்ஜின் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டாம், அங்கே காலடி கொதிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் ஐஸ் பாதி தண்ணீராகிவிடும். வாங்கிய ரசீதையும் பெட்டியில் உள்ள தொகுதி எண்ணையும் ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி முனை வேலை செய்யாமல் மருந்து வீணானபோது, அந்தப் படத்தைக் காட்டித்தான் எனக்கு மாற்று ஊசி கிடைத்தது.